மலைப்பாதையும் பழைய ஊர்தியும்

புதிய பொருள் எளிதிற் கிடைக்குமிடத்துப் பழைய பொருளை நாடுவோர் அரியர். ஆடையாயினும் அணிகலனாயினும் தொழிற்கருவியாயினும், நேற்று வந்ததனினும் இன்று வந்ததே சிறந்ததென்று கருதுதல் மக்கள் இயல்பு. மோட்டார் ஊர்திகளைப் பொறுத்தவரையில் இக்கருத்துப் பெரும்பாலும் பொருந்துவதேயாகும். இன்றைய ஊர்தி விரைவில் மிக்கது. எரிபொருளைக் குறைவாக உண்பது. உள்ளிருப்பார்க்கு வெயிலும் குளிரும் தோன்றாவண்ணம் காப்பது. அங்ஙனமிருந்தும், கரடுமுரடான மலைப்பாதைகளில் நாள்தோறும் வண்டி செலுத்திப் பிழைக்கும் ஓட்டுநர் சிலர், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளையே விரும்பிப் போற்றி வருகின்றனர். புதியது வாங்கப் பொருளில்லாமை ஒரு காரணமாகலாம். ஆயின் அஃதொன்றே காரணமென்று கொண்டு அவருக்காக இரங்குதல் தகாது. பாதையின் இயல்பையும் பொறியின் இயல்பையும் நன்கறிந்தே அவர் அவ்வாறு விரும்புகின்றனர். அவர்தம் விருப்பத்தின் காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

மேற்கு வங்காள மாநிலத்தின் வடகோடியில், தார்ஜிலிங் மாவட்டத்தில், இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் எல்லையாகச் சிங்காலிலா என்னும் மலைத்தொடர் நிற்கின்றது. அத்தொடரில் 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ, அம்மாநிலத்தின் மிக உயர்ந்த இடமாகும். நம் நீலமலையின் தொட்டபெட்டா முடியினும் அஃது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்தது. வானம் தெளிந்த காலையில் அங்கு நின்று நோக்குவார்க்கு எவரெஸ்டு, கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்னும் பெருஞ்சிகரங்கள் தோன்றும். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் நான்கினை ஒருங்கே காணும் பேறு எளிதிற் கிட்டுவதன்று. ஆதலின் ஆண்டுதோறும் பலர் அம்மலைக்குச் செல்கின்றனர்.

சந்தக்பூவுக்குச் செல்லும் பாதை மானேபஞ்சாங் என்னும் சிற்றூரில் தொடங்குகின்றது. பஞ்சாங் என்பது நேபாள மொழியில் மலைக்கணவாயைக் குறிக்கும் சொல். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து சந்தக்பூ ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சமவெளியில் இத்தொலைவு அரைமணி நேரத்துச் செலவு. ஆங்கோ, கற்பாதையாக இருந்த நாளில், மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து சென்று சேர்தல் அரிதாயிற்று. பாதை நேரே ஏறிச் செல்வதுமன்று. தும்லிங் வரை ஏறிய வண்டி, கைரிபாஸ் என்னுமிடத்திற்கு இறங்கி, மறுபடியும் காலிபோக்ரியை நோக்கி ஏற வேண்டும். காலிபோக்ரி என்றால் கருங்குளம் என்பது பொருள். கரிய நீரையுடைய சிறு குளமொன்று அங்கு உளது. அதற்கு அப்பால் உள்ள ஏற்றமே மிகக் கடியது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கும். ஒருபால் மலைச்சுவர், மறுபால் பள்ளம். சக்கரத்தின் கீழ்த் தட்டுப்படுவன தார்ச்சாலையன்று, உருண்டு புரளும் கற்களே. மாரிக்காலத்தில் அக்கற்களுக்கிடையே நீரோடும். பனிக்காலத்தில் அந்நீர் உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும்.

இத்தகைய பாதையில், பல பத்தாண்டுகளாக, மலையூர் மக்களையும் அவர்க்கு வேண்டிய அரிசி, எண்ணெய் முதலிய பண்டங்களையும் ஏற்றிச் சென்றவை லாண்ட் ரோவர் என்னும் ஆங்கில நாட்டு ஊர்திகளே. அவற்றுட் பல 1950-களில் செய்யப்பட்டவை. தார்ஜிலிங் வட்டாரத்தில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஆங்கிலேயரிடமிருந்து அவை உள்ளூராரிடம் வந்து சேர்ந்தன என்பர். தந்தை ஓட்டிய வண்டியை மகனும், அவனுக்குப்பின் அவன் மகனும் ஓட்டிவரும் குடும்பங்கள் மானேபஞ்சாங்கில் உண்டு. ஒரு வீட்டின் நிலத்தைப் போலவும் கறவைமாட்டைப் போலவும் அவ்வண்டி அக்குடும்பத்தின் வாழ்வுக்கு ஆதாரமாய் நின்றது. அஃது ஒருநாள் ஓடாவிடில் அன்று வருவாய் இல்லை. நடுவழியில் நின்றுவிடினோ, ஏறியிருப்போர் உயிருக்கும் இடர் நேரலாம். ஆகவே, அவ்வோட்டுநர் எவ்வூர்தியை நம்புகின்றனர் என்பது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வியன்று.

இவ்வூர்தி தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1940-ஆம் ஆண்டில், அமெரிக்கப் படையினர் எவ்விடத்தும் செல்லவல்ல சிறு ஊர்தியொன்று வேண்டுமென்று ஊர்தி செய்வோரை அழைத்தனர். அவ்வாறு பிறந்ததே ஜீப் ஆகும். அப்பெயர் வந்த வகையைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். அவ்வாராய்ச்சி நமக்கு இப்போது வேண்டா. வில்லிஸ், போர்டு என்னும் இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. சேற்றிலும் மணலிலும் பனியிலும் அவை உழைத்தன. போர்க்களத்தில் வண்டி பழுதுற்றால், படைவீரனே கையிலுள்ள கருவிகளைக் கொண்டு அதனைச் சீர்செய்துகொள்ள வேண்டுமாதலின், அதன் உறுப்புக்கள் யாவும் எளிமையாகவும், கைக்கு எட்டுமாறும், ஒரு வண்டியினின்று கழற்றி மற்றொன்றிற் பூட்டுமாறும் அமைக்கப்பட்டன. எளிமை அங்குக் குறையன்று. வேண்டிச் செய்துகொண்ட குணம். இதனை நீங்கள் நினைவிற்கொள்ளுதல் நன்று.

போர் முடிந்தபின், ரோவர் என்னும் ஆங்கில நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராகிய மாரிஸ் வில்க்ஸ் என்பார், ஆங்கிள்சீ தீவிலிருந்த தம் பண்ணையில் பழைய படை ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் போன்றதோர் ஊர்தியை உழவர்க்காகச் செய்தலென்ன என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றியது. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய ஊர்திக் காட்சியில் லாண்ட் ரோவர் உலகினர் கண்ணிற்குப் புலனாயிற்று. அக்காலத்தில் ஆங்கில நாட்டில் எஃகுக்குப் பெருந்தட்டுப்பாடு இருந்தமையால், மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்தனர். தட்டுப்பாடு காரணமாக நேர்ந்த இச்செயலே பின்னர்ப் பெருநன்மையாய் முடிந்தது. அலுமினியம் துருப்பிடியாது. மழையும் பனியும் மாறிமாறித் தாக்கும் மலைநாட்டில் அறுபது எழுபது ஆண்டுகளாகியும் அவ்வுடல்கள் உளுத்துப் போகாமல் நிற்பதற்கு இஃதொரு காரணம். அடிச்சட்டமோ எஃகாலானது, அது துருப்பிடிக்கும், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதனைக் காத்துவர வேண்டும்.

அவ்வூர்தியின் உரத்திற்கு ஒரு சான்று கூறலாம். 1955-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டன் மாநகரிலிருந்து புறப்பட்டுத் தரைவழியே சென்று, 1956-ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்தனர். அவற்றுள் ஆக்ஸ்போர்டு என்று பெயரிட்ட வண்டி பின்னாளில் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவிற் சிதைந்து கிடந்தது. அதனைத் தேடி எடுத்துச் சீர்செய்து, 2019-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மீண்டும் ஓட்டிச் சென்றனர். நாடு பலவற்றைக் கடந்த அவ்வண்டிக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல். சிதைந்து கிடந்ததொன்றை மறுபடி ஓடச் செய்ய இயன்றது அதன் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் மனிதன் கையாற் கழற்றி அறியத்தக்கவையாய் இருந்தமையால் என்க.

இனி, மலைப்பாதையில் இப்பழைய வண்டி செய்வதென்ன என்பதனை நோக்குவோம்.

முதலாவது, அதன் அளவு. தொடக்கத்தில் வந்த லாண்ட் ரோவரின் நீளம் ஏறத்தாழ 11 அடி; அகலம் 5 அடிக்குச் சிறிது மிகுதி. முன்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்சக்கரங்களுக்குப் பின்னாலும் உடல் நீண்டு தொங்குவதில்லை. ஆதலின் பாதையின் குறுக்கே படிபோல் ஒரு பாறை நின்றால், அதனை முதலில் தொடுவது வண்டியின் மூக்கன்று, சக்கரமே. சக்கரம் தொட்டால் ஏறிவிடும்; மூக்குத் தொட்டால் இடித்து நிற்கும். இன்று நகரங்களில் ஓடும் அழகிய கார்கள் பலவும் காற்றைக் கிழித்துச் செல்லும் பொருட்டு மூக்குத் தாழ்ந்தும் நீண்டும் இருப்பன. காற்றைக் கிழிப்பதற்கு வேண்டிய வேகம் காலிபோக்ரி ஏற்றத்தில் எவர்க்கும் வாய்ப்பதில்லை.

இரண்டாவது, அச்சும் வில்லும். நம் நாட்டு வில்வண்டியில் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லைப் பார்த்திருப்பீர்கள். அதனை ஒத்த வில்லே இவ்வூர்தியிலும் உண்டு. இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கின்றது. இவ்வமைப்பு உள்ளிருப்பார் முதுகைப் பதம்பார்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது மற்றைச் சக்கரத்தை அவ்வச்சே கீழ்நோக்கி அழுத்துகின்றது. சக்கரங்கள் தரையைப் பற்றி நிற்கின்றன. பட்டை ஒன்று முறிந்தாலும் எஞ்சிய பட்டைகள் சுமையைத் தாங்கும்.

மூன்றாவதே இன்றியமையாதது. சாதாரண கார்களில் பொறியின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். ஜீப்பிலும் லாண்ட் ரோவரிலும் நான்கு சக்கரங்களுக்கும் அதனைச் செலுத்தலாம். அன்றியும், வழக்கமான கியர்ப்பெட்டிக்கு அடுத்து மற்றொரு பற்சக்கரப் பெட்டி உண்டு. ஒரு கோலை இழுத்தால், வண்டியின் வேகம் பாதிக்கும் கீழாகக் குறைந்து, இழுக்கும் விசை அவ்வளவுக்குப் பெருகும். ஆள் நடக்கும் வேகத்தில், பொறி நின்றுவிடாமல், சுமையோடு செங்குத்தான ஏற்றத்தில் ஏறுதல் இதனாலேயே இயலுகின்றது.

ஏறுவதனினும் இறங்குவதே அஞ்சத்தக்கது. மலையினின்று இறங்கும் வண்டியை ஓயாது பிரேக்கை மிதித்துத் தடுத்தால், உராய்வினாற் சூடேறிப் பிரேக்குத் தன் பிடியை இழந்துவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர் அதனை அவ்வாறு வருத்துவதில்லை. மிகத் தாழ்ந்த கியரிற் பூட்டி, காலை எடுத்துவிடுகின்றார். அப்போது சக்கரம் பொறியைச் சுழற்ற முற்படுகின்றது; பொறியோ எளிதிற் சுழல மறுக்கின்றது. அம்மறுப்பே வண்டியை இழுத்துப் பிடிக்கும் கயிறாகின்றது. பிரேக்கு, கடைசி வளைவுக்கென்று குளிர்ந்த நிலையிற் காத்திருக்கும். இன்றைய சிறந்த ஊர்திகளிலும் இறக்கத்திற்கென ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் கணிப்பொறி தானே பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வண்டியை மெல்ல இறக்கும். அதுவும் வியக்கத்தக்கதே. ஆனால் பழைய வண்டியின் ஓட்டுநர் பொறி மறுக்கும் ஓசையைக் காதாலும், கற்களின் அதிர்ச்சியைக் கையாலும் உணர்ந்து, இன்னது நேரப்போகின்றது என்று முன்னரே அறிகின்றார். தாம் அறிந்ததனையே அவர் நம்புகின்றார்.

நிற்க. இவ்வளவும் புதிய ஊர்தியாலும் செய்ய இயலும் என்று ஒருவர் வினவலாம். உண்மையே. நான்கு சக்கர விசையும் தாழ்ந்த கியரும் உடைய புதிய ஊர்திகள் பல உண்டு. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய டிபெண்டர் என்னும் லாண்ட் ரோவர், பழையதனினும் ஆழமான நீரிலும் செல்லும். அங்ஙனமாயின் பழைய வண்டியை விரும்புவது ஏன்? இவ்வினாவிற்கு விடை, வண்டி ஓடும்போது கிடைப்பதன்று. வண்டி நிற்கும்போது கிடைப்பது.

பனி பெய்யும் மாலைப்பொழுதில், காலிபோக்ரிக்கு அப்பால், வண்டி நின்றுவிட்டதாகக் கொள்வோம். கைபேசி பேசாது, பட்டறை பல மணி நேரத் தொலைவில் உள்ளது. வண்டியில் எண்மர் இருக்கின்றனர். பழைய வண்டியின் ஓட்டுநர் முன்மூடியைத் திறக்கின்றார். பெட்ரோற் பொறி ஓடுவதற்கு வேண்டுவன மூன்றே: எரிபொருள் காற்றோடு கலந்து வரவேண்டும்; அக்கலவை அமுக்கப்பட வேண்டும்; உரிய நேரத்தில் தீப்பொறி தோன்ற வேண்டும். எரிபொருட் குழாயைக் கழற்றிப் பார்க்கின்றார், பெட்ரோல் வருகின்றது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கின்றார், கரி படிந்திருக்கின்றது. துணியால் துடைத்து, மணல்தாளால் தேய்த்து, மீண்டும் பூட்டுகின்றார். மின்கலம் குளிரால் சோர்ந்திருந்தால், ஹாண்டில் என்று வழங்கும் வளைந்த இரும்புக்கோலைப் பொறியின் முன்னே செருகிக் கையாற் சுழற்றுகின்றார். பொறி உயிர்க்கின்றது. விசிறிப் பட்டை அறுந்தால் கயிற்றை முறுக்கிக் கட்டியும், வில் முறிந்தால் மரக்கட்டையை முட்டுக்கொடுத்தும் ஊர் சேர்தல் கூடும். இதற்கெல்லாம் அவரிடம் இருப்பன ஒரு திருப்புளி, நாலைந்து ஸ்பானர், சிறிது கம்பி, ஒரு சுத்தியல்.

மாட்டுவண்டி ஓட்டுபவனை எண்ணிப் பாருங்கள். வழியிற் கடையாணி கழன்று விழுந்தால் அவன் கொல்லனைத் தேடிக்கொண்டு செல்வதில்லை. வேலியில் ஒரு கட்டையை முறித்துச் சீவிச் செருகிக்கொண்டு ஊர் வந்து சேருகின்றான். அவ்வண்டி முழுதும் அவன் அறிவுக்குள் அடங்கியிருக்கின்றது. பழைய ஜீப்பும் லாண்ட் ரோவரும் அவ்வாறே தம் ஓட்டுநரின் அறிவுக்குள் அடங்கியிருப்பன.

புதிய ஊர்தியின் நிலை வேறு. அதன் பொறிக்கு எவ்வளவு எரிபொருள், எந்நொடியில் வேண்டுமென்பதனை ஒரு சிறு கணிப்பொறி முடிவு செய்கின்றது. காற்றின் அளவு, நீரின் வெப்பம், சக்கரங்களின் வேகம் முதலியவற்றை உணர்ந்து அதற்கு அறிவிக்கும் உணர்கருவிகள் வண்டியெங்கும் பரவியுள்ளன. சக்கரத்தருகே உள்ள மெல்லிய கம்பியைக் கல்லொன்று அறுத்துவிட்டால், வண்டிக்கு வேறு யாதொரு குறையும் இல்லாதபோதும் விளக்கொன்று எரிந்து, வழுக்காமற் காக்கும் ஏற்பாடுகள் செயலற்றுப் போகும். வேறு சில உணர்கருவிகள் பழுதுற்றால், பொறி தன்னைத் தான் காத்துக்கொள்ளும் பொருட்டு ஆற்றலைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும். சமவெளியில் இஃது அறிவுடைய செயல். பெருங்கேடு நேராவண்ணம் வண்டியை மெல்லப் பட்டறைக்குக் கொண்டுசெல்லலாம். பட்டறையில் ஒரு கருவியைப் பூட்டியவுடன், பழுது இன்னதென்று எழுத்திலேயே காட்டிவிடும். ஆனால் ஆற்றல் குறைந்த பொறி, எண்மரைச் சுமந்துகொண்டு செங்குத்தான ஏற்றத்தில் ஏறுமா? பழுதைப் படித்துக் காட்டும் கருவி காலிபோக்ரிக் குளக்கரையில் இருக்குமா? ஓட்டுநர் முன்மூடியைத் திறந்தால், கரிய மூடிகளால் மறைக்கப்பட்ட பெட்டிகளைக் காண்பாரேயன்றி, தாம் தொட்டுச் சீர்செய்யத்தக்கது ஒன்றையும் காணார். பெரும்பாலும் புதிய வண்டி பழுதுறுவது குறைவு என்பதனை அவரும் அறிவர். பழுதுற்றபோது தாம் ஒன்றும் செய்ய இயலாது என்பதே அவர் அச்சம்.

உதிரி உறுப்புக்களைப் பற்றியும் ஒரு சொல். எழுபது ஆண்டுக்கு முற்பட்ட ஆங்கில ஊர்திக்கு உறுப்பு எங்கே கிடைக்கும்? மானேபஞ்சாங்கினர் இதற்கு மயங்கவில்லை. ஓடாது போன வண்டியின் உறுப்பை ஓடும் வண்டிக்கு மாற்றுவர். இல்லாததைப் பட்டறையிற் கடைந்து செய்துகொள்வர். தேய்ந்து போன பெட்ரோற் பொறியை நீக்கி, இந்நாட்டில் எளிதிற் கிடைக்கும் டீசற் பொறியைப் பொருத்திய வண்டிகளும் அங்குப் பல. அவ்வாறாயின் அது பழைய வண்டிதானா என்று தருக்கம் பேசுவோர் பேசட்டும். ஓர் உறுப்புக்கு மற்றொன்றை ஏற்றுக்கொள்ளும் இயல்பே அதன் நீண்ட வாழ்நாளுக்குக் காரணம். புதிய ஊர்திகள் பலவற்றில், ஒத்த உறுப்பையே வாங்கிப் பொருத்தினாலும், அதனைக் கணிப்பொறிக்கு அறிமுகம் செய்து வைத்தாலன்றி வேலை செய்யாது.

இமயத்தில் மட்டுமன்று, நம் எல்லையிலும் இதனைக் காணலாம். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில் உள்ளதேனும், அதற்கு வண்டிப்பாதை கேரளத்து இடுக்கி மாவட்டத்திலுள்ள சூரியநெல்லியிலிருந்தே செல்கின்றது. மலைமேல் ஞாயிறு எழுவதைக் காணவருவோர் தம் கார்களைக் கீழே நிறுத்திவிட்டு, விடியுமுன் ஜீப்பில் ஏறிக்கொள்கின்றனர். தேயிலைச் செடிகளுக்கிடையே கற்களும் பள்ளங்களும் நிறைந்த பாதை அது. உலுக்கலில் உட்கார்ந்திருப்போர் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வர். 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய மகீந்திரா நிறுவனத்தின் பழைய வழியில் வந்த வண்டிகளே அங்குப் பெரும்பாலும் ஓடி வந்துள்ளன. அவற்றின் பழுதை நீக்கவல்லார் அவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பட்டறைகளிலேயே உளர்.

பழைய வண்டியின் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. மோதல் நேர்ந்தால் அதனுள் இருப்போரைக் காக்கும் காற்றுப்பை இல்லை. பெரும்பாலானவற்றில் இருக்கை வாரும் இல்லை. இன்றைய ஊர்தியின் முன்பகுதி மோதலின்போது தான் நசுங்கி, அதிர்ச்சியைத் தானே ஏற்றுக்கொண்டு, உள்ளிருப்பவனைக் காக்குமாறு அமைந்தது. பழைய வண்டியின் உறுதியான சட்டமோ நசுங்காது. அதிர்ச்சி அனைத்தையும் மனிதன் மார்பிற் கொண்டுசென்று சேர்க்கும். உறுதி என்று நாம் வியப்பதே அங்குக் கேடாகின்றது. வழுக்குந் தரையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்குப் பிடிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதனாற் பிழைத்த உயிர்கள் பலவாதல் வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு செல்பவர் எழுபது ஆண்டுப் பழைய ஜீப்பை விரும்புவாராயின், அது அறிவுடைமையாகாது. பழைய ஜீப்பை வாங்கி, பெரிய டயர் பூட்டி, வண்ணம் தீற்றி, நகரத் தெருக்களில் உறுமிக்கொண்டு திரிவோரும் சிலர் உண்டு. அவர் விருப்பம் அணிகலன் மீதுள்ள விருப்பத்தைப் போன்றது. அதனை மலைநாட்டு ஓட்டுநரின் விருப்பத்தோடு ஒன்றாக எண்ணலாகாது.

புகையும் ஒரு பெருங்குறையே. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாட்டில் விற்கப்படும் புதிய ஊர்திகள் பாரத் நிலை ஆறு என்னும் கடிய அளவுக்குள் புகையைக் கட்டுப்படுத்தல் வேண்டும். பழைய பொறிகளால் அதனை நினைத்தும் பார்க்க இயலாது. உயரம் ஏற ஏற அவற்றின் புகை இன்னும் மிகுகின்றது. சந்தக்பூவின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. காற்றுக் குறைந்ததை உணராத பழைய கார்பரேட்டர், கீழே தந்த அளவுக்கே பெட்ரோலைத் தந்துகொண்டிருக்கும், அது முழுதும் எரியாமல் கரும்புகையாகின்றது, பொறியும் தளர்கின்றது. புதிய ஊர்தியின் கணிப்பொறியோ அழுத்தம் குறைந்ததை அறிந்து எரிபொருளைத் தானே குறைத்துவிடும். நாம் மேலே குறைகூறிய அதே உணர்கருவி இங்கு நன்மை செய்தலைக் காண்க. சிங்காலிலாவின் காடுகள் சிவப்புப் பாண்டா முதலிய அரிய உயிர்கள் வாழும் தேசியப் பூங்காவாகும். அங்குக் கரும்புகை பரவுதல் எவர்க்கும் உவப்பாயிராது. சட்டமும் பழைய வண்டிகளுக்கு எளிதாக இடந்தருவதன்று. தனியார் ஊர்திக்கு முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனையில் தேறினாலன்றிப் பதிவைப் புதுப்பித்தல் இயலாது. அதற்குரிய கட்டணமும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்ந்தது.

ஊர்தி செய்வோர்தாம் இந்நிலையை அறியாதவரா? பழைய வடிவினதாகிய டிபெண்டர் 2016-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாளோடு ஆங்கில நாட்டில் நிறுத்தப்பட்டது. 1948-இல் தொடங்கிய அவ்வழியில் அதுகாறும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அதன் பெயரைத் தாங்கி வந்த புதிய ஊர்தி ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 2 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. ஜப்பானிய நிறுவனமாகிய டொயோட்டா வேறு வழியை மேற்கொண்டது. 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட லாண்ட் குரூசர் 70 என்னும் கடுவழி ஊர்தியை, சிற்சில மாற்றங்களோடு இன்றும் செய்து விற்கின்றது. ஆப்பிரிக்காவின் பாலைநிலங்களில் உணவும் மருந்தும் கொண்டுசெல்லும் தொண்டு நிறுவனங்கள் அதனையே பெரிதும் நாடுகின்றன. ஆஸ்திரேலியாவின் சுரங்கங்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் அது மிகுதி. பழைய அமைப்பை விரும்புவோர் மலைநாட்டு ஏழை ஓட்டுநர் மட்டுமல்லர் என்பது இதனால் விளங்கும்.

சந்தக்பூப் பாதை இப்போது முன்போல் இல்லை. அண்மைக் காலத்தில் அதன் பெரும்பகுதி சிமெண்டுக் கலவையால் தளமிடப்பட்டுவிட்டது. அத்தளத்தின்மேல் பொலேரோ என்னும் வண்டிகள் ஏறத் தொடங்கின. அவை லாண்ட் ரோவரினும் விரைவாகச் செல்வன. மழையும் குளிரும் புகாதவை. அவற்றின் உறுப்புக்கள் சிலிகுரிக் கடைகளிலேயே கிடைக்கும். லாண்ட் ரோவர் வைத்திருந்தவருள்ளும் சிலர் அவற்றை வாங்கிவிட்டனர். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் வருவாய் தேடுவோர் அவ்வாறு செய்தலிற் குற்றம் யாதுமில்லை. எனினும் லாண்ட் ரோவரிலேயே செல்லவேண்டுமென்று கேட்டு வருவோர் உளர். அவர் பொருட்டு இன்றும் சில பழைய வண்டிகள் மானேபஞ்சாங்கிலிருந்து புறப்படுகின்றன. அவற்றின் இருக்கைக்கு அடியில், பழைய வழக்கப்படியே, திருப்புளியும் ஸ்பானரும் கம்பிச் சுருளும் கிடக்கின்றன.